மச்சான், அந்த ஏப்ரலில் நீ எந்த மாநிலத்து ஆள்?

கிளெம் கோஸ் ஆலை
ஷெபாய்கன் பக்கம், விஸ்கான்சின்
மார்ச் மாதம், பனி இன்னும் விட்டபாடில்லை

அன்பும் மதிப்பும் மிகுந்த மச்சான் வெண்டலுக்கு, உன் அக்காள் புருஷன் நார்பர்ட் கிளெம் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்கா ஆர்டிஸும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும், உன் நாயும், லூயெல்லா அம்மையாரும் அதேபோல நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இண்டியானா ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டதா? உனக்கும் லூயெல்லாவுக்கும் நடக்கப்போகிற ஜூன் மாதக் கல்யாணத்துக்குக் கூடாரம் வாடகைக்குப் பேசிவிட்டீர்களா? முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது லூயெல்லா பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து நீ குடியிருக்கிற அந்தக் கேம்பர் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. நாயை வேண்டுமானால் உள்ளே வைத்துக்கொள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நீ எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு நாயைக் கூப்பிடப் போய்விடுவாய். இது ஆமா என்று சொன்னாலும் ஆபத்து, இல்லை என்று சொன்னாலும் ஆபத்தான விஷயம். எனக்குப் பயமாக இருக்கிறது, வெண்டல். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் வழக்கு உனக்குத் தெரியும். இருந்தாலும் மில்வாக்கி கோர்ட்டில் நீ பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தாய் என்பதால் மீதியையும் சொல்கிறேன். இண்டியானாவில் இருக்கிற அந்த ஹேக்பெர்ரி கம்பெனி நமக்கு மூடி போடும் இயந்திரம் விற்றது. அது போட்ட மூடிகள் மூடிய மாதிரி இருந்தன, ஆனால் மூடவில்லை. புளித்த கோஸ் என்பது உயிருள்ள சாமான். உள்ளே பொங்கிக்கொண்டேயிருக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்க நம் ஜாடிகள் கடைகளில் வெடித்தன, லாரிகளில் வெடித்தன. பழைய சபைக் கோவிலின் கீழ்த்தள அறையில், துக்க விருந்தில், பாஸ்டர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒன்று வெடித்தது. பாஸ்டர் தரையில் படுத்தார், சபையும் அவரைப் பின்பற்றியது, செத்தவருடைய சம்சாரம் மட்டும்தான் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒவ்வொரு கடைக்காரனும் ஜாடிகளைத் திருப்பி அனுப்பினான். பாங்கி இரண்டு தடவை ஆள் அனுப்பியது. அப்போதுதான் ஓஸ்டர்மன் வக்கீலைப் பிடித்து மில்வாக்கி ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். நீயே பார்த்தாய், ஜூரிகள் வெளியே போன வேகத்தில் திரும்பி வந்து நம் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு நின்றால் ஆலை நிற்கும். அது விழுந்தால் இலையுதிர் காலத்துக் கோஸை வாங்க எனக்கு வழியில்லை. பாத்தியில் கோஸை நட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற விவசாயிகளுக்கும், தொட்டியில் இறங்கி உப்பு மிதிக்கிற நம் ஆட்களுக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?

ஹேக்பெர்ரிக்காரர்கள் சிகாகோவில் மேல்முறையீடு செய்தார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனியன். ஓஸ்டர்மன் அலுவலகத்திலிருந்து மாதாமாதம் ஒரு மடல் வருகிறது, 'வியாபார வழக்குகளைப் பாதிக்கும் அண்மைக்கால மேல்முறையீட்டுத் தீர்ப்புகள்' என்று தலைப்பு. கட்சிக்காரர்களுக்கு இலவசம். இலவசமாகக் கிடைத்த விஷம், வெண்டல். மற்றவர்கள் பேப்பரில் முதலில் சாவு அறிவிப்புப் பார்ப்பார்கள், நான் இதைப் பார்க்கிறேன். ஒரு மர அறுவை ஆலைக்காரர் வருஷக்கணக்காக வழக்காடி ஜெயித்தாராம், மேல்கோர்ட்டு அதை நான்கு வரியில் முடித்துவைத்ததாம். இன்னொருவர் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்காததால் கோர்ட்டுக்கே வரக்கூடாது, பஞ்சாயத்துக்குப் போ என்று திருப்பி அனுப்பப்பட்டாராம். அதைப் படித்த நாள் முதல் நான் எதன் பின்பக்கத்தையும் பார்க்காமல் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போனபோது அந்தக் கிளப்பில் சாப்பாட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை, போன வாரத்து சாஸ்தான் ஒட்டியிருந்தது. பரிமாறுகிற பெண் "என்ன தேடறீங்க?" என்று கேட்டாள். "பின்னாடி ஏதாவது எழுதியிருக்கான்னு பார்க்கறேன்" என்றேன். உன் அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். ஓஸ்டர்மனிடம் இந்த மடலை நிறுத்தச் சொன்னேன். அவர், "படிக்காம இருங்களேன் சார்" என்றார். படிக்காமல் எப்படி இருப்பது? படித்தால் பயம், படிக்காவிட்டால் எதைப் படிக்கவில்லையோ என்று பயம்.

வாதம் கேட்கிற நாள் வந்தது. கொட்டுகிற பனிமழையில் வண்டியை ஓட்டிக்கொண்டு விடிகிற நேரத்துக்குச் சிகாகோ போய்ச் சேர்ந்தேன். ஆர்டிஸ் வரவில்லை, கோஸ் அரைக்க ஆள் வேண்டும் என்று இருந்துவிட்டாள். அவள் வந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாள், இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. அது கிடக்கட்டும். நான் ஒரு காரியம் செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அந்தப் பழைய மூடி போட்ட ஜாடி ஒன்றைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். நீதிபதிகள் ஒருவேளை கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் காட்டலாமே என்ற எண்ணம். வாசல் சோதனையில் அந்தக் காவலாளி ஜாடியைத் தூக்கிப் பிடித்தான். மூடி மேடிட்டுப் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி இருந்தது.

"என்னங்க இது?"

"கோஸ்ங்க."

"ஏன் வீங்கியிருக்கு?"

"அதுதாங்க வழக்கே."

அவன் ஜாடியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு போய் எங்கோ வைத்தான். மேலே வந்து ஓஸ்டர்மனிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "சார், மேல்கோர்ட்டுல புதுசா எதையும் காட்ட முடியாது. கீழே காட்டினது மட்டும்தான். ஊறுகாயைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்களே!" என்று பல்லைக் கடித்தார். வாதம் முடியும்வரை ஒரு காது நீதிபதிகள் பக்கமும் ஒரு காது கீழே எங்காவது 'டப்' என்று கேட்கிறதா என்றும் இருந்தது.

எந்த மூன்று நீதிபதிகள் உட்காரப்போகிறார்கள் என்பதை அந்தக் கோர்ட்டில் அன்று காலைதான் சொல்வார்கள். வக்கீல்கள் எல்லாம் பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகள் மாதிரி முண்டியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். ஓஸ்டர்மன் பார்த்துவிட்டு வந்து, "நடுவுல உட்காரப் போற அம்மா, எல்லாத்தையும் அடியிலிருந்து தோண்டுவாங்க" என்றார். "நம்ம கோஸும் அடியிலதான் நல்லா புளிச்சிருக்கும்" என்று அவரைத் தைரியப்படுத்தினேன். அவருக்கு அது தைரியமாகத் தெரியவில்லை.

ஹேக்பெர்ரி பக்கத்து வக்கீல் அம்மாள், நெட்டையானவள், மூடியைப் பற்றி மணியாகப் பேசினாள். எனக்கே அந்த மூடியின்மேல் பரிதாபம் வந்தது. பிறகு நம்மவர் எழுந்தார். பேசுகிற இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அது சிவப்பாகும்வரை பேசலாம். "மாண்புமிகு நீதிபதிகளே" என்பதில் 'மாண்பு' மட்டும்தான் வந்தது. நடுவிலிருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"வக்கீல் சார், மூடிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். உங்க கட்சிக்காரர் கம்பெனியில பங்குதாரருங்க யார் யாரு?"

"ரெண்டு பேர்ங்க அம்மா. கணவன், மனைவி. ரெண்டு பேரும் விஸ்கான்சின்காரங்க."

"வேற யாருமே இல்லை. நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

ஓஸ்டர்மன் "வேற யாரும் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே, ஒரு மரியாதைக்கு, லேசாக என் பக்கம் திரும்பினார். திரும்பியிருக்கக்கூடாது. வெண்டல், நாம் எப்படி வளர்ந்தோம் என்று உனக்குத் தெரியும். சபை விருந்தில் நன்றி சொல்லும்போது தட்டுக் கழுவியவன் பேரை விட்டுவிட்டால்கூட அது தலைமுறைக்கும் பகையாக நிற்கிற ஊர் நம்முடையது. யாராவது ஆள் எண்ணும்போது ஒருவரை விட்டுவிட்டால் எனக்கு உடம்பே கூசும். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து நின்று, நல்ல கணீரென்ற குரலில் சொன்னேன்.

"வெண்டலும் இருக்கான்ங்க!"

ஒரு காவலாளி என்னை நோக்கி ஓரடி வைத்தான். இடது பக்கத்து நீதிபதி, அதுவரை தூங்குகிறார் என்று நான் நினைத்தவர், கண்ணைத் திறந்தார்.

"யாருய்யா அந்த வெண்டல்?"

"என் மச்சான்ங்க. சம்சாரத்தோட தம்பி."

"அவர் எங்க குடியிருக்கார்?"

"வண்டியிலங்க."

"வெளியில நிக்குதா வண்டி?"

"இல்லீங்க, இது வீடு மாதிரி வண்டி. அங்கங்க நிக்கும். இப்பல்லாம் பெரும்பாலும் இண்டியானாவுல நிக்கும்."

இண்டியானா என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே போனதுதான் தெரியும். நெட்டை வக்கீல் அம்மாள் அதை எழுதி, அடியில் கோடு போட்டு, இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். நடுவிலிருந்த அம்மா, "நீங்க உட்காருங்க ஐயா, ரொம்ப நன்றி" என்றார். அந்த நன்றியைப் போலக் குளிரான ஒன்றை நான் ஜனவரி மாதத்து மிச்சிகன் ஏரியில்கூடக் கண்டதில்லை. அதற்குப்பின் மூடியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கு மஞ்சளாகிச் சிவப்பானது.

லிஃப்டில் இறங்கும்போது ஓஸ்டர்மன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏன் சார் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேட்கலையே."

"கம்பெனி முதலாளிங்க யாருன்னு கேட்டேனே!"

"வெண்டலை யாராவது முதலாளின்னு சொல்வாங்களா?"

நீயே சொல்ல மாட்டாய். லாரி ஓட்டுகிறவன் ஓடிப்போன அந்த வருஷம் நீ சீசன் முழுவதும் கோஸ் ஏற்றிக் கொடுத்தாய். காசு வாங்க மாட்டேன் என்றாய். கிறிஸ்துமஸ் விருந்தில், உனக்கு மூன்றாவது ஸ்வெட்டர் வேண்டாமே என்று ஆலையில் நூற்றில் இரண்டு பங்கு எழுதிக் கொடுத்தேன். அதை நான் பரிசு என்று நினைத்தேனே தவிரப் பங்கு என்று நினைக்கவேயில்லை. "ஸ்வெட்டரே குடுத்திருக்கலாம்" என்று உன் அக்கா அன்றைக்கே சொன்னாள்.

சட்டம் என்னவென்றால், நம் மாதிரி வழக்கை ஃபெடரல் கோர்ட்டு எடுக்க வேண்டுமானால் இரண்டு கட்சியும் வேறுவேறு மாநிலத்து ஆட்களாக இருக்க வேண்டும். ஹேக்பெர்ரி இண்டியானா. நாம் விஸ்கான்சின். சரிதானே என்று நானும் இருந்தேன். ஆனால் நம் மாதிரிக் கம்பெனிக்குச் சொந்தமாக ஊர் கிடையாதாம். ஆலை இங்கே இருக்கிறது, தொட்டி இங்கே இருக்கிறது, நாற்றம் இங்கே இருக்கிறது. அதெல்லாம் கணக்கே இல்லை. பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்து ஆளோ அதெல்லாம்தான் கம்பெனியின் மாநிலம். நூற்றில் இரண்டு வைத்திருக்கிற நீ, வழக்குப் போட்ட அந்த ஏப்ரலில் இண்டியானாக்காரனாக இருந்திருந்தால், நாமும் இண்டியானா, அவர்களும் இண்டியானா. அப்படியானால் மில்வாக்கி கோர்ட்டுக்கு இந்த வழக்கைத் தொடவே அதிகாரம் இல்லை. ஜூரி இல்லை, தீர்ப்பு இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை. "எதிர்க்கட்சி இதைப் பத்தி மூச்சே விடலையே, இப்ப எப்படிக் கேட்கலாம்?" என்றேன். "ரெண்டு கட்சியும் சேர்ந்து வேண்டாம்னு காலில விழுந்தாலும் நீதிபதிங்க கேட்டே தீரணும் சார். மடல்ல போட்டிருந்தேனே" என்றார். போட்டிருந்தார். படித்தேன். ஏதோ ஓட்டல்காரர், அவருடைய பங்குதாரருக்குப் பங்குதாரர் ஒரு பல் வைத்தியர், அவர் எதிர்க்கட்சியின் மாநிலத்து ஆள் என்று வந்தது. பாவம் அந்த ஓட்டல்காரர் என்று உச்சுக்கொட்டிவிட்டு டீ குடித்தேன்.

இரண்டு வாரத்துக்குள் நீ எந்த மாநிலத்து ஆள் என்று சத்தியப் பத்திரம் கொடுக்கச் சொல்லி மேல்கோர்ட்டு உத்தரவு. இங்கேதான் சிக்கல், மச்சான். ஒருவன் எந்த மாநிலத்து ஆள் என்பது அவன் எங்கே படுத்தான் என்பதை வைத்து மட்டும் இல்லையாம். எங்கே இருந்துவிட வேண்டும் என்று மனசில் நினைத்தான் என்பதையும் வைத்தாம். மனசு! கோஸ் மூடியைப் பற்றிப் போட்ட வழக்கு உன் மனசுக்குள் போய் நிற்கிறது. மனசை நேரில் பார்க்க முடியாதே என்று ஓஸ்டர்மன் வெளி அடையாளங்களைத் துருவினார். உன் ஓட்டுநர் உரிமம் இன்னும் விஸ்கான்சின்தான், அந்த மீசை வைத்த படத்தோடு. அதற்கு அவர் முகம் மலர்ந்தது. உன் நாயின் உரிமம் இண்டியானா. முகம் சுருங்கியது. அங்கே ஒரு பல் வைத்தியரிடம் போனான் என்றேன். அவர் துள்ளி எழுந்து, "கட்டினாரா, பிடுங்கினாரா?" என்றார். பிடுங்கினார் என்றேன். "நல்லது, பிடுங்கறவன் எங்க வேணும்னாலும் பிடுங்குவான். கட்டறவன்தான் அங்கேயே இருக்கப் போறவன்" என்று எழுதிக்கொண்டார். உன் வண்டியில் பறக்கிற, நம் மாநிலத்துக் கால்பந்து அணியான பேக்கர்ஸ் கொடி எவ்வளவு நீளம் என்றுகூடக் கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். லூயெல்லாவின் கோவிலில் நீ பாடகர் குழுவில் நிற்கிறாய் என்பதை நான் சொல்லவில்லை. உன் குரலைப் பற்றி எப்படிச் சொன்னாலும் அது நமக்குப் பாதகம் என்று தோன்றியது.

ஆனால் கடைசியில் எல்லாம் உன் வாயில் வந்து நிற்கிறது. உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. என்ன எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்லக்கூடாது என்று ஓஸ்டர்மன் இரண்டு தடவை எச்சரித்தார். அதனால் நான் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என்ன ஆகிறது என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஏப்ரலில், 'சும்மா ஏரியோரம் வண்டியை நிறுத்தியிருந்தேன், முழங்கால் சரியானதும் விஸ்கான்சின் திரும்புகிற எண்ணம்தான்' என்று நீ எழுதினால் ஆலை பிழைக்கும். ஆனால் அந்தப் பத்திரம் ஊரறிய கோர்ட்டில் கிடக்கும். லூயெல்லா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கண்ணில் படாத காகிதம் உண்டா? ஜூன் மாதக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, 'அவளோடு இருக்கும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை' என்று மூன்று நீதிபதிகளுக்குச் சத்தியம் செய்திருப்பதை அவள் படித்தால் கூடாரமும் வேண்டாம், கேக்கும் வேண்டாம். மாறாக, 'அவளைப் பார்த்த முதல் நாளே இனி இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்' என்று நீ எழுதினால், லூயெல்லா அதைச் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவாள், கல்யாணம் ஜேஜே என்று நடக்கும், நான் உன் விருந்தில் ஆலை இல்லாதவனாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிடுவேன். உன் காதல் எந்த மாசம் ஆரம்பித்தது என்று தெரிந்துகொள்ள அமெரிக்க அரசாங்கமே காத்துக்கொண்டிருக்கிறது, வெண்டல். இந்தக் கொடுமை எந்தக் கோஸ்காரனுக்கும் வரக்கூடாது.

நான் வேறு வழி தெரியாமல் உன் அக்காவைக் கேட்டேன். உன் முழங்கால் ஆபரேஷனுக்கு உதவியாக அவள்தானே அந்த வசந்தத்தில் அங்கே வந்து உன்னோடு இருந்தாள்? கண்ணால் பார்த்த சாட்சி. சமையலறையில் கோஸ் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டிஸ், அப்ப அவன் திரும்பி வர்ற ஆள் மாதிரி இருந்தானா, தங்கிடற ஆள் மாதிரி இருந்தானா?"

"முட்டி அறுத்தவன் எப்படி இருப்பான்? உட்கார்ந்திருந்தான்."

"மனசுல என்ன இருந்துதுன்னு கேட்கறேன்."

"ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு இன்னொருத்தருக்கு எப்படிங்க தெரியும்? கூடவே இருந்தாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்தவரை இதுதான் நிலவரம். தூக்கம் இல்லை. சாப்பிட்டது செரிக்கவில்லை. நேற்று ஆலையில் ஒரு பையன் பின்னால் நின்று தும்மினான், தீர்ப்பு வந்துவிட்டது என்று நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். நீ உண்மையை எழுது. ஆனால் எந்த உண்மை என்று கொஞ்சம் நிதானமாக யோசித்து எழுது. ஆண்டவர் உன் முழங்காலுக்குப் பலத்தையும், உன் நினைவுக்குத் தெளிவையும், லூயெல்லா அம்மையாருக்குப் பெரிய மனசையும், உங்கள் இருவர் இல்லறத்துக்குச் சகல ஆசீர்வாதத்தையும் அருள்வாராக. நாய்க்கும் என் அன்பு.

இப்படிக்கு,
பாசத்துடனும் படபடப்புடனும்,
உன் அத்தான்
நார்பர்ட் கிளெம்

பின்குறிப்பு: வெண்டல், மேலே கேட்ட எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். உறையை ஒட்டாமல் உன் அக்காவிடம் கொடுத்து, தபால்தலை ஒட்டி வாசல் பெட்டியில் வைக்கச் சொன்னேன். அவள் கோட்டுப் போட்டுக்கொண்டு போனவள், பனியில் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"வெண்டலை இவ்வளவு கேட்டிருக்கீங்க. என்னை ஏன் கேட்கலை?" என்றாள்.

"கேட்டேனே, அவன் எப்படி இருந்தான்னு..."

"அவனைப் பத்திக் கேட்டீங்க. நானும் பங்குதாரர்தானே? நானும் அந்த ஏப்ரல்ல அங்கதானே இருந்தேன்?"

"நீ அவன் முட்டிக்காகப் போனே."

"முட்டி சீக்கிரமே சரியாப் போச்சு. நான் ஜூன் வரைக்கும் இருந்தேன். உங்களுக்கு அது தோணவே இல்லை." பிறகு, "லூயெல்லா வீட்டுக்குப் பின்னாடி அஸ்பராகஸ் நட்டேன்" என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டேன். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அஸ்பராகஸ் கீரைத்தண்டு மாதிரி இல்லை, நட்டவுடன் வெட்டக்கூடாது. மூன்றாம் வருஷம்தான் தட்டுக்கு வரும். இரண்டு வாரத்தில் ஊர் திரும்புகிறவள் எவளும் அதை நட மாட்டாள். அப்படியானால் அந்த ஏப்ரலில் ஆர்டிஸே இண்டியானாக்காரி.

"ஏன் ஆர்டிஸ்?"

"ஆலையில அந்தப் பெரிய ஜாடி வெடிச்சப்போ பக்கத்துல நின்னது நான். கண்ணாடி என் கையைக் கிழிச்சுது. நீங்க ஓடி வந்தீங்க. 'மூடி எங்க விழுந்துது, மூடி எங்க விழுந்துது'ன்னு தேடினீங்க."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மூடியைக் கண்டுபிடித்தேன். மில்வாக்கி கோர்ட்டில் ஜூரிகளிடம் முதலில் காட்டியது அந்த மூடியைத்தான். அவள் கையில் கட்டுப் போட்டது யார் என்று எனக்கு இப்போதுகூடத் தெரியவில்லை, வெண்டல். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஓஸ்டர்மனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவர், "அம்மா நிச்சயமாச் சொல்றாங்களா?" என்றார். தொலைபேசியை ஆர்டிஸிடம் கொடுத்தேன். "ரெண்டு வரிசை நட்டேன், எரு போட்டேன்" என்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். ஜூரியும் தீர்ப்பும் போச்சு. இனி நம் ஜில்லாக் கோர்ட்டில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் பாங்கி பொறுக்குமோ தெரியாது. இந்தச் செய்திக்கு நான் மயங்கி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டதால் அதற்கு இடமில்லை. நீ லூயெல்லாவிடம் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன் என்று தாராளமாகச் சொல்லிக்கொள். உன் மனசு இனி யாருக்கும் தேவையில்லை.

"அப்புறம் ஏன் திரும்பி வந்தே?" என்று கேட்டேன்.

"தினமும் போன் பண்ணி உப்பு எங்க, வக்கீல் நம்பர் எங்கன்னு உயிரை வாங்கிக்கிட்டிருந்தீங்க. திடீர்னு ஒரு நாள் போன் வரலை. மறுநாளும் வரலை. சரி, இந்த மனுஷனுக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு, மனசு ஒடைஞ்சு உட்கார்ந்திருக்காருன்னு நினைச்சேன். எனக்கு அங்க இருப்புக் கொள்ளலை. வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். இந்த மே மாதம் அஸ்பராகஸ் வெட்டுக்கு வருமாம், போக வேண்டும் என்கிறாள். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னை எங்கே படுக்க வைப்பது என்று லூயெல்லாவைக் கேட்டு வை.

இந்தப் பின்குறிப்பை ஆலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊர்த் தபால் ஆபீசுக்கு நானே கொண்டுபோய்ப் போடப்போகிறேன், அவள் கையில் கொடுக்கப்போவதில்லை. ஏனென்றால் அந்த இரண்டு நாளும் போன் வராததற்குக் காரணம், என் போன் மூன்றாம் நம்பர்த் தொட்டியில் விழுந்து உப்புத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. படித்ததும் இந்தத் தாளைக் கிழித்து ஏரியில் போட்டுவிடு, மச்சான்.